மறு அழைப்புக்கு முன்னும் பின்னும்: வடவட்டாரத் தமிழ்ப் பெண்கள் குழு ஒன்றின் மேமோகிராம் பரிசோதனை குறித்த நிகழ்வு ஆய்வு

பின்னணி

சிங்கப்பூரின் வடபகுதியிலுள்ள ஒரு வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) குடியிருப்பு வட்டாரத்தில், தமிழ் பேசும் பெண்களை மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்ல ஒரு சிறு தொண்டூழியர் குழு மேற்கொண்ட முயற்சியை இந்த ஆய்வு பதிவு செய்கிறது. முயற்சி 2018 அக்டோபரில் தொடங்கியது. இங்கு விரிவாகக் கூறப்படும் பெண்ணின் சிகிச்சை 2019 ஆகஸ்டில் முடிந்தது. குழுவில் ஓய்வுபெற்ற தாதி ஒருவர், ஆசிரியர் ஒருவர், அலுவலகப் பணியில் உள்ள இருவர் இருந்தனர். குறிப்பெடுப்பதும் ஒருங்கிணைப்பதும் இதை எழுதுபவரின் பொறுப்பு. வெள்ளிக்கிழமை மாலைகளில் கோயிலில் கூடிப் பஜனை பாடும் பெண்கள் வட்டமே எங்கள் தொடக்கப் புள்ளி. பின்னர் அதே புளோக்குகளில் வசிக்கும் தமிழ் முஸ்லிம் பெண்களும் கிறிஸ்துவப் பெண்களும் சேர்ந்தனர். சம்பந்தப்பட்டவர்களின் இசைவுடன் எழுதப்படும் இதில், அடையாளம் காட்டக்கூடிய விவரங்கள் நீக்கப்பட்டுள்ளன அல்லது மாற்றப்பட்டுள்ளன.

சிங்கப்பூரில் பெண்களுக்கு மிக அதிகமாக வரும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோய். 75 வயதுக்குள் ஏறக்குறைய 13 பெண்களில் ஒருவருக்கு அது வரக்கூடும் என்று கணக்கிடப்படுகிறது. மார்பகத்தை ஊடுகதிரால் படமெடுக்கும் மேமோகிராம் பரிசோதனைக்கான தேசியத் திட்டம் 2002 ஜனவரியில் தொடங்கியது. 50 முதல் 69 வயது வரையுள்ள பெண்கள் 2 ஆண்டுகளுக்கு ஒருமுறையும், 40 முதல் 49 வயது வரையுள்ளோர் மருத்துவரிடம் கலந்து பேசி ஆண்டுக்கு ஒருமுறையும் பரிசோதனை செய்துகொள்ளலாம் என்பது பரிந்துரை. அரசாங்கப் பலதுறை மருந்தகங்களில் (பாலிகிளினிக்) வசதி உண்டு. கட்டணத்துக்கு அரசாங்க மானியம் உண்டு. படத்தை இரண்டு கதிரியக்க மருத்துவர்கள் தனித்தனியே பார்க்கிறார்கள். தெளிவில்லாத ஏதேனும் தெரிந்தால் மேல் சோதனைக்குத் திரும்ப வரச் சொல்வார்கள்; அதுவே மறு அழைப்பு. இத்தனை இருந்தும், 50 முதல் 69 வயதுப் பெண்களில் கடந்த 2 ஆண்டுகளுக்குள் மேமோகிராம் செய்துகொண்டவர்கள் 40 விழுக்காட்டை எட்டவில்லை என்பதைத் தேசிய மக்கள் நல ஆய்வுகள் காட்டிவந்தன.

2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சிங்கப்பூர்வாசிகளில் இந்தியர்கள் 9 விழுக்காடு. மக்கள்தொகையில் பதினொருவரில் ஒருவராக இருக்கும் இந்தியச் சமூகத்தின் பழக்கங்கள் தேசிய சராசரிக்குள் எளிதில் கரைந்துவிடும். அதனால் எங்கள் வட்டாரத்துப் பெண்கள் ஏன் போகவில்லை என்பதை அவர்களிடமே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அப்படிக் கேட்பதற்கு முன்பாகவே ஒரு கூட்டம் நடந்து முடிந்திருந்தது.

அக்டோபர் கூட்டம்

அக்டோபர் மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வு மாதம் என்பதால் 2018 அக்டோபரில் புளோக்கின் கீழ்த்தளத்தில் தமிழில் ஓர் உரை ஏற்பாடு செய்யப்பட்டது. நாற்காலிகள் பெரும்பாலும் நிரம்பின. ஓய்வுபெற்ற தாதி தெளிவாகப் பேசினார், கேள்விகள் வந்தன, தேநீரும் வடையும் வழங்கப்பட்டன. பரிசோதனைக்குப் பெயர் கொடுக்க வைத்திருந்த தாளில் மட்டும் ஒரு கைவிரல்களுக்குள் அடங்கும் பெயர்களே இருந்தன. அவர்களிலும் உண்மையில் போனவர்கள் இருவர்.

கேட்டவர்களுக்குப் புரியவில்லை என்று சொல்ல இடமில்லை. சில வாரங்கள் கழித்துச் சந்தித்தபோது, எந்த வயதில் தொடங்க வேண்டும், எத்தனை ஆண்டுகளுக்கு ஒருமுறை என்பதைப் பலர் பிசகாமல் சொன்னார்கள். ஆகவே, இன்னொரு உரை நிகழ்த்துவதால் பயனில்லை என்பதே அக்கூட்டத்திலிருந்து கிடைத்த முதல் தகவல்.

காலமும் பொருந்தவில்லை. அந்த அக்டோபரில் நவராத்திரி இருந்தது, பிள்ளைகளுக்கு ஆண்டிறுதித் தேர்வு இருந்தது, நவம்பர் 6ஆம் தேதி தீபாவளி. வீட்டைச் சுத்தம் செய்வதும் பலகாரம் சுடுவதும் தேக்கா கடைவீதிக்குப் போய்வருவதுமாக ஒரு தமிழ்ப் பெண்ணுக்கு ஆண்டிலேயே நேரம் மிகக் குறைந்த மாதம் அது. உலகம் முழுவதற்கும் குறிக்கப்பட்ட விழிப்புணர்வு மாதம் நம் நாட்காட்டியில் எங்கே வந்து விழுகிறது என்பதை எவரும் பார்ப்பதில்லை.

கேட்டறிந்தவை

ஆண்டிறுதி விடுமுறையிலும், பொங்கல் முடிந்து 2019 தைப்பூசத்துக்கு முன்னும் பின்னுமாகவும், இருவர் இருவராகச் சென்று வீடுகளில் பேசினோம். கேள்வித்தாள் எதுவும் கொண்டு செல்லவில்லை. முன்பு போயிருக்கிறீர்களா, போகவில்லை என்றால் எது தடுத்தது என்பதை மட்டும் கேட்டு, பேச்சைப் போகும் போக்கில் விட்டோம்.

முதலில் வந்தவை எதிர்பார்த்த பதில்களே. வேலைக்குப் போகும் பெண்களில் பலர் துப்புரவுப் பணியிலோ உணவுக் கடைகளிலோ நாள் கூலிக்கு இருந்தவர்கள். அரைநாள் விடுப்பு என்றால் அரைநாள் சம்பளம் போகும். மேமோகிராம் தாங்க முடியாத அளவுக்கு வலிக்கும் என்ற பேச்சு பரவலாக இருந்தது. சொன்னவர்களில் பெரும்பாலோர் செய்துகொண்டதில்லை. "கையில ஒண்ணும் தட்டுப்படலையே, அப்புறம் எதுக்கு?" என்பது அடிக்கடி கேட்ட பதில். ஆண் ஊழியர் இருப்பாரோ என்ற தயக்கத்தைத் தமிழ் முஸ்லிம் பெண்கள் வெளிப்படையாகச் சொன்னார்கள். மற்றவர்கள் அதையே சுற்றி வளைத்துச் சொன்னார்கள்.

கட்டணம் பற்றிய பதில்கள் எங்களை வேறு திசைக்குக் கொண்டு சென்றன. அப்போது பலதுறை மருந்தகத்தில் சிங்கப்பூர்க் குடிமக்களுக்குக் கட்டணம் 50 வெள்ளி. முன்னோடித் தலைமுறையினர் எனப்படும் மூத்த குடிமக்களுக்கு அது இன்னும் குறைவு. 50 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்கள் மெடிசேவ் என்னும் கட்டாய மருத்துவச் சேமிப்பைப் பயன்படுத்தலாம். கணவர் அல்லது பிள்ளைகளின் மெடிசேவிலிருந்தும் செலுத்தலாம். ஏட்டளவில் பணம் ஒரு தடையே இல்லை. ஆனால் பல ஆண்டுகள் இல்லத்தரசிகளாக இருந்த பெண்களின் மெடிசேவ் கணக்கில் இருந்தது சொற்பம். அதில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கவே, அரசாங்க இணையச் சேவைகளுக்கான சிங்பாஸ் அடையாளக் கணக்கு வேண்டும். பல வீடுகளில் அம்மாவின் சிங்பாஸ் மகனின் கைப்பேசியில் இருந்தது. வீட்டுக்கு வரும் கடிதத்தையும் மகனோ மருமகளோ பிரித்துப் பார்த்துவிட்டு, அவசரமில்லாதது என்று மேசை இழுப்பறையில் வைத்துவிடுவார்கள். அதாவது, தன் மார்பைப் பரிசோதிக்கப் போவதைப் பற்றி ஒரு பெண் தன் மகனிடம் பேச வேண்டிய நிலை இருந்தது. ஐம்பத்தைந்து வயதுப் பெண் ஒருவர் சிரித்துக்கொண்டே, "அம்பது வெள்ளி எங்கிட்ட இருக்கும்மா. எதுக்குன்னு கேட்டா என்ன சொல்றது?" என்றார்.

எல்லாவற்றுக்கும் அடியில் கிடந்த காரணம் மூன்றாவது, நான்காவது சந்திப்பில்தான் வெளிவந்தது. பரிசோதனையைக் காட்டிலும் அதற்குப் பின் வரக்கூடிய கடிதமே அவர்களை அஞ்ச வைத்தது. மருத்துவமனையிலிருந்து திரும்பவும் கூப்பிட்டால் புற்றுநோய் உறுதி என்றுதான் ஏறக்குறைய எல்லாருமே நினைத்தார்கள். வீட்டில் பெண்ணோ பையனோ கல்யாண வயதில் இருந்தால் அந்தப் பயம் இரட்டிப்பாயிற்று. தாய்க்கு அந்த நோய் என்றால் மகளைப் பெண் கேட்டு வருபவர்கள் யோசிப்பார்கள். நிச்சயமான பிறகு தெரிந்தால் சம்பந்தி வீட்டில் ஒரு பேச்சு கிளம்பும். இந்தக் கணக்கை மூடநம்பிக்கை என்று ஒதுக்குவது எளிது. அந்தச் சமூகத்துக்குள் வாழ்பவர்களுக்கு அது நடைமுறை அனுபவம். தொண்டூழியர்களில் ஒருவரின் சொந்தக் குடும்பத்திலேயே அப்படி ஒரு சம்பந்தம் நின்றுபோயிருந்தது.

எடுத்த முடிவுகளும் அவற்றின் காரணங்களும்

பிப்ரவரியில் குழு கூடி, ஆளுக்கு ஆள் தனியே போய்வரும் வேலையாகப் பரிசோதனையை விடாமல், கூட்டாகப் போய்வரும் ஒரு காலைப்பொழுதாக மாற்றத் தீர்மானித்தது. மார்ச் மாதப் பள்ளி விடுமுறை வாரம் தேர்ந்தெடுக்கப்பட்டது. பள்ளி உணவகங்களில் வேலை செய்பவர்களுக்கு அப்போது ஓய்வு. பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வீட்டில் பெரிய பிள்ளைகள் இருப்பார்கள். பெரிய பண்டிகை எதுவும் குறுக்கே வராது. ஒரே காலையில் அடுத்தடுத்த நேரங்களில் பத்துப் பேருக்கு முன்பதிவு செய்ய மருந்தகம் ஒத்துக்கொண்டது. மாதவிடாய் நிற்காதவர்களுக்கு மட்டும், அது முடிந்த அடுத்த வாரத்தில் மார்பில் வலியுணர்வு குறைவாக இருக்கும் என்பதால், தனித் தேதிகள் வாங்கப்பட்டன.

மகன்களிடமும் மருமகள்களிடமும் பேசும் பொறுப்பை ஆசிரியர் ஏற்றார். அம்மாவுக்கு இப்படி ஒரு பரிசோதனை இருக்கிறது, நாங்கள் அழைத்துச் செல்கிறோம், மெடிசேவ் படிவத்தில் உங்கள் உதவி வேண்டும் என்று அவர் நேராகச் சொன்னபோது மறுத்தவர்கள் யாரும் இல்லை. அம்மாக்கள் தயங்கிய அளவுக்குப் பிள்ளைகள் தயங்கவில்லை.

அன்றைய நாளுக்கான குறிப்புகள் சிறு தாளில் எழுதிக் கொடுக்கப்பட்டன. குளித்துவிட்டு மார்பில் பவுடரோ அக்குளில் நறுமணத் திரவியமோ போட வேண்டாம், அவற்றின் துகள்கள் படத்தில் சுண்ணாம்புப் புள்ளிகள் போலத் தெரியக்கூடும். மேலாடையை மட்டும் கழற்றும்படி சட்டை தனியாக உள்ள உடையாக இருக்கட்டும். படம் எடுப்பவர் பெண். ஒவ்வொரு படத்துக்கும் அழுத்தம் சில விநாடிகளே. தாலியைக் கழற்ற வேண்டுமா என்பது எவரும் கூட்டத்தில் கேட்காத, எல்லாருக்கும் இருந்த கேள்வி. மருந்தகத்தில் முன்கூட்டியே கேட்டோம். சங்கிலி படத்தின் பரப்புக்குள் விழாமல் முதுகுப் பக்கம் தள்ளிப் பிடித்துக்கொள்ளலாம் என்றார்கள். இந்த ஒரு தகவல் இரண்டு பேரின் மனத்தை மாற்றியது. எங்கள் பட விளக்கங்கள் எதுவும் அவ்வளவு செய்யவில்லை.

எங்களுக்குள் வாக்குவாதம் எழுந்தது இரண்டு விஷயங்களில். ஒன்று, பரிசோதனையின் குறைபாடுகளைச் சொல்ல வேண்டுமா என்பது. பிரிட்டனில் மைக்கேல் மார்மட் தலைமையிலான தனிக்குழு 2012இல் தந்த மதிப்பீடு இதுதான்: பரிசோதனைக்கு அழைக்கப்படும் பெண்களிடையே மார்பகப் புற்றுநோய் மரணம் ஏறக்குறைய 20 விழுக்காடு குறைகிறது, அதே வேளையில், தடுக்கப்படும் ஒவ்வொரு மரணத்துக்கும், வாழ்நாளில் தொல்லையே தந்திராத புற்றுநோய் ஏறக்குறைய மூவரிடம் கண்டறியப்பட்டுச் சிகிச்சையும் அளிக்கப்படுகிறது. இதைச் சொன்னால் வருபவர்களும் வரமாட்டார்கள் என்றார் ஒருவர். சொல்லாமல் அழைத்துச் சென்றால் பின்னர் வேறொருவர் சொல்லும்போது எங்கள் மேல் உள்ள நம்பிக்கை போய்விடும் என்றார் தாதி. அவர் சொன்னதே ஏற்கப்பட்டது. எளிய தமிழில், எண்களைக் குறைத்து, நன்மையையும் கேட்டையும் ஒன்றாகவே சொன்னோம். யாரும் அதற்காகப் பின்வாங்கவில்லை.

இரண்டாவது, மறு அழைப்பைப் பற்றி எப்போது பேசுவது என்பது. வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்பது வழக்கம். நாங்கள் முன்பதிவுக்கு முன்பே பேசத் தீர்மானித்தோம். முதல்முறை போகிறவர்களில் பத்தில் ஒருவர் அளவுக்குத் திரும்ப அழைக்கப்படலாம். அடர்த்தியான மார்பகம், பழைய படம் இல்லாதது, மார்பகத் திசு மடிப்பு என்று அதற்குப் பல காரணங்கள் உண்டு. அப்படிப் போகிறவர்களில் மிகப் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் இருப்பதில்லை. அங்கே பெரிதாக்கிய படமும் ஒலியலைச் சோதனையும் செய்வார்கள், தேவைப்பட்டால் ஊசியால் சிறு திசு எடுப்பார்கள். இவற்றை ஒவ்வொருவரிடமும் தனித்தனியே சொன்னோம். கூடவே ஒரு கேள்வியும் கேட்டோம்: கடிதம் வந்தால் முதலில் யாரிடம் சொல்வீர்கள்? அந்தப் பெயரை எங்களிடம் சொல்ல வேண்டியதில்லை, மனத்தில் முடிவு செய்துகொண்டால் போதும் என்றோம். பரிசோதனை முடிவுகளை நாங்கள் கேட்பதில்லை, பட்டியலில் பெயரும் தேதியும் தவிர எதையும் எழுதுவதில்லை என்பதும் அன்றே உறுதியானது. கோயில் வட்டத்தில் ஒரு செய்தி அரை நாளில் புளோக் முழுதும் போய்விடும்.

மார்ச் காலை

இதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. முன்பதிவு செய்தவர்களில் ஒருவர் காய்ச்சலால் வரவில்லை. மற்றவர்கள் பேருந்தில் ஒன்றாகச் சென்று, வரிசையாக உள்ளே போய்வந்து, அருகிலிருந்த காப்பிக்கடையில் தேநீர் குடித்துவிட்டுத் திரும்பினார்கள். வலித்தது என்றவர்களும் உண்டு. நினைத்த அளவு இல்லை என்றவர்களே மிகுதி. அடுத்த வாரங்களில் இவர்கள் சொல்லிக் கேட்டு மேலும் சிலர் தாங்களாகவே முன்பதிவு செய்துகொண்டார்கள். நீண்டகால வருகை அனுமதியில் இருந்த ஒரு மருமகளும் ஆசையுடன் கேட்டார். மானியம் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்குமே என்பதால் முழுக் கட்டணம் சொல்லப்பட, அவர் போகவில்லை. அவருக்கு எங்களால் வழி காட்ட முடியவில்லை.

மறு அழைப்பு

ஏப்ரல் தொடக்கத்தில் இருவருக்கு மருத்துவமனையின் மதிப்பீட்டுப் பிரிவுக்கு வருமாறு அழைப்பு வந்தது. முதலாமவர் கணவருடன் போனார். ஒலியலைச் சோதனையில் நீர்க்கட்டி என்று தெரிந்து, அன்றே வீடு திரும்பினார். வெள்ளிக்கிழமை பஜனைக்குப் பிறகு அதை அவரே எல்லாரிடமும் சொன்னார். திரும்பக் கூப்பிட்டால் புற்றுநோய்தான் என்ற எண்ணத்தில் விழுந்த முதல் விரிசல் அதுதான்.

இரண்டாமவருக்கு வயது 57. பள்ளி உணவகக் கடை ஒன்றில் உதவியாளர். மூத்த மகளுக்கு வைகாசியில், அதாவது ஜூன் பள்ளி விடுமுறையில் கல்யாணம். மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்தாகிவிட்டது, பத்திரிகை அச்சுக்குப் போயிருந்தது. கடிதம் வந்ததை அவர் வீட்டில் சொல்லவில்லை. குறித்த நாளுக்குப் போகவும் இல்லை. மருத்துவமனையிலிருந்து வந்த தொலைபேசி அழைப்பில், வேலை இருக்கிறது, பிறகு பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

எங்களுக்கு இது தெரியவந்தது அவர் மூலமாகவே. கோயில் மண்டபத்தில் தாதியைத் தனியே அழைத்து, "கல்யாணம் முடியட்டும் தங்கச்சி, அப்புறம் போறேன். இப்ப எதுவும் தெரிய வேணாம்" என்றார். தாதி உடனே அறிவுரை சொல்லவில்லை. கல்யாணம் எப்போது, பிறகு என்ன வேலைகள் என்று கேட்டுக்கொண்டே போனார். வைகாசி முடிந்தால் மறுவீடு, பிறகு ஆடியில் மகளை அழைத்து வர வேண்டும், ஆவணியில் தங்கை வீட்டு விசேஷம், அப்புறம் தீபாவளி, அதுவும் தலைதீபாவளி. பேசப் பேச, காலியான மாதம் ஒன்றுமே வரவில்லை என்பது அவருக்கே தெரிந்தது.

அன்றிரவு குழுவில் எழுந்த கேள்வி, மகளிடம் சொல்லலாமா என்பது. மகள் படித்தவர், பொறுப்பானவர். சொன்னால் மறுநாளே அழைத்துப் போவார். சொல்வதில்லை என்றே முடிவெடுத்தோம். முடிவு அந்தப் பெண்ணுடையது; எங்களை நம்பிச் சொன்னதை வேறு வழியாக அவர் வீட்டுக்குள் கொண்டு சென்றால், அந்த வட்டத்தில் இனி எவரும் எங்களிடம் வாய் திறக்கமாட்டார்கள். ஆனால் சும்மா இருப்பதற்கும் மனம் ஒப்பவில்லை. மூன்று காரியங்களை மட்டும் செய்தோம். மருத்துவமனையின் மார்பகப் பராமரிப்புத் தாதியிடம், பெயர் சொல்லாமல், தேதியை மாற்றிக்கொள்ள முடியுமா, எவ்வளவு காலம் தள்ளிப்போடலாம் என்று கேட்டோம். மாற்றலாம், ஆனால் மாதக்கணக்கில் தள்ள வேண்டாம் என்றார் அவர். நீர்க்கட்டி என்று தெரிந்த முதலாமவரை, அவர் விருப்பத்துடன், இவருடன் பேசச் சொன்னோம். மூன்றாவதாக, அழைத்துச் செல்லவோ வெளியே காத்திருக்கவோ எங்களில் ஒருவர் தயாராக இருப்பதாகச் சொல்லி, எந்த நாள் என்பதை அவரிடமே விட்டோம்.

அவர் ஏப்ரல் கடைசி வாரத்தில் போனார். முதலில் யாரிடம் சொல்வீர்கள் என்ற கேள்விக்கு அவர் மனத்தில் வைத்திருந்த பெயர் கணவருடையதோ மகளுடையதோ அல்ல, கீழ்மாடியில் இருந்த நாத்தனாருடையது என்பது அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. இருவரும் சேர்ந்தே வந்தார்கள். படத்தில் கொத்தாகச் சுண்ணாம்புப் புள்ளிகள் தெரிந்தன. கையால் தொட்டால் எதுவும் தட்டுப்படவில்லை. மேமோகிராம் வழிகாட்டுதலில் ஊசியால் திசு எடுக்கப்பட்டது. மே மாதத் தொடக்கத்தில் வந்த முடிவு, பால் நாளத்துக்குள்ளேயே அடங்கியிருக்கும், வெளியே பரவாத நிலை. மருத்துவர்கள் இதைப் பூஜ்ய நிலை என்பார்கள். இந்நிலையில் இருக்கும் எல்லாமே பரவும் புற்றுநோயாக மாறுவதில்லை, எவை மாறும் என்பதை முன்கூட்டியே உறுதியாகச் சொல்லவும் முடியாது, அதனால் அகற்றுவதே வழக்கம் என்று அறுவை மருத்துவர் விளக்கினார். பரிசோதனையால் வரக்கூடிய கேட்டைப் பற்றியும் முன்பே பேசியிருந்தது இங்கே உதவியது. "அன்னைக்குச் சொன்ன மூணு பேருல நானும் ஒருத்தியா இருக்கலாம், இல்லையா?" என்று அவர் கேட்டார். இருக்கலாம் என்றார் மருத்துவர். அதைத் தெரிந்துகொண்டே அவர் அறுவைக்கு ஒப்புக்கொண்டார்.

கல்யாணத் தேதியை அவர் மருத்துவரிடம் மறைக்கவில்லை. அதுவே எல்லாவற்றையும் எளிதாக்கியது. கம்பி பொருத்தி இடத்தைக் குறித்துக்கொண்டு அந்தப் பகுதியை மட்டும் நீக்கும் அறுவை மே நடுவில் செய்யப்பட்டது; அன்றே வீடு திரும்பினார். எஞ்சிய மார்பகத்துக்கான கதிர்வீச்சுச் சிகிச்சை, காயம் ஆறிய பிறகே தொடங்குவது வழக்கம் என்பதால், இயல்பாகவே கல்யாணத்துக்குப் பின் போய்விட்டது. கணவரிடம் அறுவைக்கு முந்தைய வாரம் சொன்னார். மகளிடம், சிறிய கட்டி ஒன்றை எடுக்கிறார்கள் என்ற அளவில் சொல்லி வைத்து, முழு விவரத்தைக் கல்யாணத்துக்குப் பிறகு சொன்னார். சொல்லிய வரிசை சரியா என்பதில் எங்களுக்குள் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. மகளுக்கு வருத்தம் இருந்தது என்பதும் உண்மை.

தொடர்ந்து நடந்தவை

ஜூலையில் தொடங்கிய கதிர்வீச்சு, வார நாள்களில் தினமும் ஒன்றாக மூன்று வாரங்களுக்குச் சற்றுக் கூடுதலாக நீடித்து ஆகஸ்டில் முடிந்தது. ஒவ்வொரு முறையும் சிகிச்சை சில நிமிடங்களே. போக்குவரத்துக்கும் காத்திருப்புக்கும்தான் அரைநாள் போயிற்று. பள்ளித் தவணைக் காலம் என்பதால் வேலைதான் பெரிய சிக்கலாக இருந்தது. கடைக்காரரிடம் அவரே பேசி, காலை நேரத்தை மட்டும் பார்த்துக்கொள்ள ஏற்பாடு செய்துகொண்டார். மதிய வேளைக்கு நாத்தனார் மகள் போனார். மருத்துவமனையின் மருத்துவ சமூக சேவையாளர் செலவு விவரங்களை எடுத்துச் சொல்லி, மானியமும் மெடிசேவும் போக மிஞ்சியதைத் தவணையில் கட்ட உதவினார். பரிசோதனைக்கு அழைப்பவர்கள் இந்தச் சேவையைப் பற்றியும் முதல் நாளிலேயே சொல்லிவிடுவது நல்லது. நோய் வந்தால் வீடே கடனில் மூழ்கும் என்ற அச்சமும் பலரைத் தடுக்கிறது.

சம்பந்தி வீட்டுப் பேச்சு நாங்கள் எதிர்பார்த்தபடி நடக்கவில்லை. ஆவணியில் மாப்பிள்ளையின் தாயாருக்குச் செய்தி தெரிந்தது. அவர் சில நாள்கள் மௌனமாக இருந்துவிட்டு, பிறகு மருமகளிடம், தனக்கும் ஒரு முன்பதிவு செய்து தருமாறு கேட்டிருக்கிறார். எல்லா வீடுகளிலும் இப்படி ஆகும் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. முன்பு நின்றுபோன சம்பந்தமும் உண்மையே.

வட்டத்தில் 50 வயதைத் தாண்டியவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் அந்த ஆண்டு முடிவதற்குள் ஒருமுறையாவது பரிசோதனை செய்துகொண்டார்கள். எண்ணிக்கை சிறியது, ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு கிடையாது, இந்த ஏற்பாடுதான் காரணம் என்று மருத்துவ ஆய்வு போல நிரூபிக்க இயலாது. மறு அழைப்பு வந்ததாக எங்களிடம் சொன்ன எவரும் இறுதியில் போகாமல் விடவில்லை என்பதை மட்டும் உறுதியாகச் சொல்லலாம்.

மாற்ற வேண்டியவை

இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை என்பதால் அடுத்த சுற்று 2021 மார்ச்சில் வர வேண்டியிருந்தது. 2020 ஏப்ரலில் கொவிட்-19 கிருமிப்பரவல் முறியடிப்புத் திட்டம் வந்தபோது அவசரமற்ற பரிசோதனைகள் நின்றன, கோயில் கூட்டங்களும் நின்றன. எங்கள் ஏற்பாடு முழுவதும் நேரில் கூடுவதை நம்பியிருந்ததால், அடுத்த தேதியை ஒவ்வொருவரும் தானே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. வீட்டில் பூஜையறை நாட்காட்டியிலோ குடும்ப மருத்துவரின் பதிவிலோ அடுத்த தேதி அன்றே குறிக்கப்பட்டிருக்க வேண்டும். 2023 ஜூலையில் தொடங்கிய ஹெல்தியர் எஸ்ஜி திட்டத்தில் 40 வயதும் அதற்கு மேலும் உள்ள குடியிருப்பாளர்கள் ஒரே குடும்ப மருத்துவரிடம் பதிவு செய்துகொள்ள முடிவதால், நினைவூட்டும் பொறுப்பைத் தொண்டூழியர்கள் மட்டுமே சுமக்க வேண்டியதில்லை. பதிவு செய்துகொள்ளாத மூத்த பெண்கள் யார் என்று பார்ப்பதே இப்போது குழுவுக்குப் பயனுள்ள வேலை.

40 முதல் 49 வயதுக்காரர்களை இந்த முயற்சி கிட்டத்தட்டத் தொடவே இல்லை. அவர்கள் வேலைக்குப் போகிறவர்கள், வெள்ளிக்கிழமை பஜனைக்கு வருவதில்லை. 50 வயதுக்கு முன் பரிசோதனைக்கு மெடிசேவ் பயன்படுத்தவும் இயலாது. அந்த வயதில் பொய்யான மறு அழைப்பும் கூடுதல். அவர்களுக்கு அலுவலக நேரத்துக்கு வெளியே, மருத்துவருடன் தனியே பேசும் வாய்ப்பு தேவை. கூட்டமாக அழைத்துச் செல்வது பொருந்தாது.

மறு அழைப்பு பற்றிய பேச்சை, முன்பதிவு செய்பவரிடம் மட்டும் வைக்காமல், அவர் மனத்தில் வைத்திருக்கும் அந்த ஒருவரிடமும் முன்கூட்டியே நடத்துவது அடுத்த சுற்றில் சேர்க்கப்படும். நாத்தனாருக்கு விவரம் முன்பே தெரிந்திருந்தால் முதல் தேதி தவறியிருக்காது என்பது அந்தப் பெண்ணே சொன்ன கருத்து. வருகை அனுமதியில் இருக்கும் மனைவிமாருக்கு மானியமில்லாத இடங்களில் கட்டணம் எவ்வளவு, எந்தத் தொண்டு அமைப்பு எப்போது உதவுகிறது என்ற பட்டியலைத் தயாரிக்கும் பணியை அலுவலகப் பணியில் இருக்கும் இருவரும் ஏற்றிருக்கிறார்கள். அது முடியும்வரை அந்த மனைவிமாரைக் கூட்டத்துக்கு அழைத்து ஏமாற்றத்துடன் அனுப்புவதில்லை என்பது குழுவின் இப்போதைய முடிவு.